படிய மறுக்கும் கசடும் அடங்க மறுக்கும் நுரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கழிவுநீர் சுத்திகரிப்பு பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு தொல்லைகளையே பேசுகின்றன. படிவுத் தொட்டியில், கழிவைத் தின்று வளரும் பாக்டீரியாக்கள் நிறைந்த கசடு அடியில் தங்காமல் மேலேறித் தெளிந்த நீரோடு வெளியே போகிறது என்பது ஒன்று. காற்றூட்டத் தொட்டியின் மேல் நுரை மூடிக்கொண்டு என்ன செய்தாலும் கலையவில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் பெரும்பாலும் இழை வடிவ பாக்டீரியாக்களின் கை இருப்பதால் அக்கடிதங்களை ஒருசேர எடுத்துக்கொண்டு பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் நிலையத்தில் ஒரு லிட்டர் ஜாடிச் சோதனையில் அரை மணி நேரம் கழித்தும் கசடு 850 மி.லி. கோட்டிலேயே நிற்கிறது. காற்றூட்டத் தொட்டியில் கசட்டின் செறிவு லிட்டருக்கு 3,200 மி.கி. “இழை பாக்டீரியா பெருகிவிட்டது, உடனே குளோரினைக் கொட்டுங்கள்” என்கிறார் மேலாளர். கொட்டலாமா?

பதில்: இன்றைக்கே வேண்டாம். உங்கள் எண்களை வைத்தே முதலில் ஒரு கணக்குப் போடுவோம். அரை மணி நேரத்தில் படிந்த கன அளவை ஆயிரத்தால் பெருக்கிக் கசட்டின் செறிவால் வகுத்தால் கிடைப்பது கசடுக் கன அளவுக் குறியீடு. நிலையங்களில் இதை எஸ்.வி.ஐ. என்பார்கள். உங்களுக்கு அது கிராமுக்கு ஏறத்தாழ 266 மி.லி. வருகிறது. பொதுவாக 150ஐத் தாண்டினாலே பல்கிங் எனப்படும் கசடு வீக்கம் என்று கொள்வது வழக்கம் என்பதால், மேலாளர் பதறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜாடியில் கசடு மிக அடர்த்தியாக இருக்கும்போது, பாக்டீரியாக்கள் ஒட்டிச் சேர்ந்த திரள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இறங்காமல் நிற்பதுண்டு. அப்போது நல்ல கசடும் வீங்கிய கசட்டைப் போலவே தோன்றும். ஆகவே ஒரு பங்கு கசட்டோடு மூன்று பங்கு தெளிந்த வெளியேற்று நீரைக் கலந்து மறுபடியும் சோதித்து, வந்த கன அளவை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். நீர்த்த ஜாடியில் 190 மி.லி. நின்றால் உண்மைக் கன அளவு 760, குறியீடு 237. அது மெய்யான வீக்கம்தான். 90 மி.லி. மட்டுமே நின்றால் குறியீடு 112. உங்கள் கசட்டில் குறை எதுவும் இல்லை, தொட்டியில் அது அளவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது, உபரிக் கசட்டைக் கூடுதலாக வெளியேற்றினால் போதும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. ஜாடியில் கசடு நன்றாகப் படிந்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கட்டிகட்டியாக மேலே எழுந்தால், அது வீக்கமே இல்லை. படிந்த கசட்டுக்குள் நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் வாயுவாக மாறுவதால் நேர்வது. ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். குமிழிகள் வெளியேறிக் கசடு மறுபடியும் இறங்கிவிடும். இதற்குப் படிவுத் தொட்டியில் கசடு தங்கும் நேரத்தைக் குறைப்பதும், நைட்ரேட்டை முன்கூட்டியே நீக்குவதும்தான் வழி; குளோரின் போட்டால் ஒன்றும் ஆகாது.

மூன்றாவதாக, நுண்ணோக்கியில் இழைகளே தென்படாமல் குறியீடு மட்டும் உயர்ந்திருந்தால், பாக்டீரியாக்கள் கசிய விடும் கொழகொழப்பான பசைப் பொருள் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். இதை உறுதி செய்ய ஒரு துளி இந்திய மை போதும். நல்ல திரளுக்குள் கருமை ஊடுருவும். பசை மிகுந்த திரளைச் சுற்றி மை புகாத வெளிறிய திட்டுகள் தெரியும். பெரும்பாலும் இது ஊட்டச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம். இதற்கும் குளோரின் மருந்தாகாது.

கேள்வி: இழை பாக்டீரியாவை ஏன் அடியோடு ஒழித்துவிடக் கூடாது?

பதில்: ஒழித்துவிட்டால் வேறு விதத்தில் அவதிப்படுவீர்கள். சாந்துக்கு நடுவே கம்பி இருப்பதுபோல, கசடுத் திரளுக்கு உள்ளே ஓடும் இழைகள்தான் அதற்கு உருக்குலையாத வலிமையைத் தருகின்றன. இழைகளே இல்லாத கசடு ஜாடியில் மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் பொடிப்பொடியான திரள்கள் மேலேயே மிதந்து வெளியேற்று நீரைக் கலங்கலாக்கும். இழைகள் திரளுக்கு வெளியே நீண்டு, ஒரு திரளையும் அடுத்ததையும் பாலம் போட்டு இணைக்கும்போது அல்லது திரளின் அமைப்பையே உள்ளிருந்து விரித்துவிடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. நமக்கு வேண்டியது அளவு.

கேள்வி: எங்களிடம் கல்லூரிகளில் இருப்பது போன்ற சாதாரண நுண்ணோக்கி ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்த இழை என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முழுமையாக முடியாது, ஆனால் செய்ய வேண்டிய முடிவுகளில் பெரும்பகுதிக்கு அது போதும். 100 மடங்கு பெருக்கத்தில், சாயமேற்றாத புதிய கசட்டுத் துளியில், இழைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். இதற்குப் பூச்சியம் முதல் ஆறு வரையிலான ஒரு மதிப்பெண் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது: இழையே இல்லையென்றால் பூச்சியம், திரளைக் காட்டிலும் இழைகளே மிகுந்திருந்தால் ஆறு. ஒரே ஆள், ஒரே இடத்தில் எடுத்த மாதிரியை, வாரம் இருமுறையாவது பார்த்து மதிப்பெண்ணைக் குறித்து வைப்பது முக்கியம். எண் இரண்டிலிருந்து மூன்றுக்கும் மூன்றிலிருந்து நான்குக்கும் ஏறுவதை, ஜாடிச் சோதனை காட்டிக் கொடுப்பதற்கு முன்பே நுண்ணோக்கி காட்டிவிடும்.

அடையாளம் காண்பதற்கு எண்ணெய் இட்டுப் பார்க்கும் 1,000 மடங்குப் பெருக்கமும், இயன்றால் கட்ட வேறுபாட்டு (ஃபேஸ் கான்ட்ராஸ்ட்) ஒளியமைப்பும், கிராம் சாயம், நைசர் சாயம் என்ற இரண்டு சாயங்களும் வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஐக்கல்பூம் என்ற ஆய்வாளர் 1975இல் வெளியிட்ட வகைப்பாட்டையே உலகெங்கும் இன்றுவரை பின்பற்றுகிறார்கள். அன்று பெயர் சூட்ட இயலாத இழைகளுக்கு அவர் தந்த எண்கள்தான் வகை 0041, வகை 021என், வகை 1701 என்றெல்லாம் வழங்குகின்றன. எல்லா வகைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணுக்கு எளிதில் பிடிபடுபவை சில உண்டு. உறைக்குள் கோல் வடிவச் செல்கள் வரிசையாக அடுக்கியிருக்க, கிளை பிரிந்ததுபோலத் தோன்றியும் உண்மையில் பிரியாமல் ஒட்டியிருப்பது ஸ்ஃபீரோட்டிலஸ். இழைக்குள் பளிச்சென்று மின்னும் கந்தக மணிகள் தெரிந்தால் தியோத்ரிக்ஸ், பெஜியடோவா அல்லது வகை 021என். ஊசி குத்தி வைத்ததுபோலத் திரளிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும் மிக மெல்லிய இழை ஹாலிஸ்கோமினோபாக்டர். குட்டையாக, உண்மையாகவே கிளைத்து, கிராம் சாயத்தில் நீலமாகும் இழை கோர்டோனியா. இதைத்தான் பழைய கையேடுகள் நோக்கார்டியா என்கின்றன. அதே நீல நிறத்தில், கிளையே இல்லாமல் சுருண்டு சுருண்டு கிடப்பது மைக்ரோத்ரிக்ஸ் பார்விசெல்லா.

கேள்வி: இழையின் பெயர் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன பயன்? எங்கள் கருவியில் கரைந்த ஆக்சிஜன் எப்போதும் லிட்டருக்கு 2 மி.கி. காட்டுகிறது. ஆயினும் ஆக்சிஜன் குறைவால் வரும் இழை என்று ஆய்வகம் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: இழையை நம்புங்கள். கருவி அது தொங்கும் இடத்தின் நிலையை, நீங்கள் பார்க்கும் நொடியில் மட்டும் சொல்கிறது. இழையோ தொட்டி முழுவதிலும் சென்ற சில வாரங்களாக நிலவிய சூழலில் வளர்ந்து வந்திருக்கிறது. பெயரைக் கண்டுபிடிப்பதன் பயனும் இதுவே: ஒவ்வோர் இழையும் தனக்கு ஏற்ற குறைபாடு ஒன்று நிலையத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்று.

உங்களைப் பொறுத்தவரை ஸ்ஃபீரோட்டிலஸ், வகை 1701, ஹாலிஸ்கோமினோபாக்டர் ஆகியவை ஆக்சிஜன் குறைவைச் சுட்டுபவை. நீரில் 2 மி.கி. இருந்தாலும் திரளின் நடுப்பகுதிக்கு அது போய்ச் சேரும் முன்பே வழியிலுள்ள பாக்டீரியாக்கள் அதை உண்டுவிடுகின்றன. உணவுச் சுமை எவ்வளவு அதிகமோ அவ்வளவு விரைவாக உண்ணும். ஆகவே நிலையான ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்வது தவறு. சுமை ஏறும்போது தேவையான ஆக்சிஜன் அளவும் ஏறுகிறது. உள்வரும் நீர் விழும் முனையில், சுமை உச்சத்திலிருக்கும் நேரத்தில், கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பல ஆழங்களில் அளந்து பாருங்கள். காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசர்களில் அடைபட்டவை எந்த மூலையில் இருக்கின்றன என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வகை 0041, வகை 0675, வகை 1851, வகை 0092 போன்றவை மிகுந்து காணப்பட்டால், கசட்டின் அளவோடு ஒப்பிடும்போது உணவு குறைவு என்று பொருள். கசடு வயது, அதாவது கசடு வெளியேறும் வரை தொட்டியில் தங்கும் சராசரி நாட்கள், நீண்ட நிலையங்களில் இவை இயல்பாக வரும். கந்தக மணிகள் கொண்ட இழைகள், கழிவுநீர் வரும் வழியிலேயே அழுகி சல்பைடும் கரிம அமிலங்களும் சேர்ந்துவிட்டதைச் சொல்கின்றன. சமநிலைத் தொட்டியில் நாட்கணக்கில் நீரைக் காற்றில்லாமல் தேக்கி வைக்கும் நிலையங்களில் இது சர்வ சாதாரணம். அங்கே முன்காற்றூட்டமோ, ஃபெரிக் குளோரைடோ, ஹைட்ரஜன் பெராக்சைடோ கொண்டு சல்பைடைத் தொட்டிக்கு வருமுன்பே தீர்க்க வேண்டும். பி.எச். மதிப்பு ஆறுக்குக் கீழே சரிந்தால் பாக்டீரியாவை விடத் தடித்த பூஞ்சை இழைகள் தலைகாட்டும், பி.எச். மதிப்பைச் சரிசெய்தாலே அவை போய்விடும்.

கேள்வி: எங்களுடையது மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த தொழிற்சாலைக் கழிவுநீர். யூரியா போட வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு?

பதில்: இத்தகைய கழிவில் கார்பன் கொட்டிக் கிடக்கும், நைட்ரஜனும் பாஸ்பரசும் இராது. நெடுநாளாகக் கைக்கொள்ளப்படும் விகிதம், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 100 பங்குக்கு நைட்ரஜன் 5 பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. நாளொன்றுக்கு 500 கன மீட்டர் நீர், லிட்டருக்கு 1,000 மி.கி. பி.ஓ.டி. என்று வைத்துக்கொண்டால், சுமை 500 கிலோ; தேவை 25 கிலோ நைட்ரஜன், 5 கிலோ பாஸ்பரஸ். டி.ஏ.பி. (டைஅம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் பாஸ்பரஸ் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருப்பதால் 25 கிலோ டி.ஏ.பி. பாஸ்பரஸ் தேவையைத் தீர்ப்பதோடு நாலரைக் கிலோ நைட்ரஜனையும் கொண்டுவரும். மீதி நைட்ரஜனுக்கு 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட யூரியா 45 கிலோ அளவில் வேண்டும். கழிவிலேயே உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் அளந்து இதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கசடு வயது நீண்டால் தேவை இதைவிடக் குறையும். ஆகையால் கடைசித் தீர்ப்பை வெளியேற்று நீரிடம் விடுவதே மேல்: வடிகட்டிய மாதிரியில் கனிம நைட்ரஜன் லிட்டருக்கு ஒரு மி.கி. அளவிலும், ஆர்த்தோபாஸ்பேட் பாஸ்பரஸ் அரை மி.கி. அளவிலும் மிச்சம் இருந்தால் போதிய அளவு போடுகிறீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதால் பயனில்லை. கரைத்து, நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகச் செலுத்துங்கள்.

கேள்வி: சரி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், வீக்கம் உண்மைதான், கசடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. குளோரின் போட்டே ஆக வேண்டும். முறையைச் சொல்லுங்கள்.

பதில்: கசடு வெளியேறும் நிலையில் குளோரினுக்குத் தடை சொல்லமாட்டோம், அது அவகாசம் வாங்கித் தரும். வேலை செய்யும் தத்துவம் எளிது: திரளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழை முதலில் அடிபடும், திரளுக்குள் இருப்பவை ஓரளவு காக்கப்படும். அளவு மீறினால் இந்த வேறுபாடு மறைந்து எல்லாமே சாகும்.

அளவைக் கசட்டின் மொத்த எடையை வைத்தே கணக்கிட வேண்டும். நீரின் அளவை வைத்துக் கணக்கிடுவதுதான் நாங்கள் கண்ட தவறுகளில் மிகப் பரவலானது. காற்றூட்டத் தொட்டி 1,000 கன மீட்டர், செறிவு லிட்டருக்கு 3,000 மி.கி. என்றால் அதில் 3,000 கிலோ கசடு இருக்கிறது; படிவுத் தொட்டியில் இன்னுமொரு 500 கிலோ என்று வைத்து 3,500 கிலோ எனக் கொள்வோம். ஒரு கிலோ கசட்டுக்கு நாளொன்றுக்கு 2 அல்லது 3 கிராம் குளோரினில் தொடங்குங்கள். மூன்று கிராம் என்றால் நாளுக்கு 10.5 கிலோ குளோரின். லிட்டருக்கு 100 கிராம் செயல்படு குளோரின் கொண்ட சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அது 105 லிட்டர். வெயிலில் கிடந்த கேனில் அந்த 100 கிராம் இராது. வந்த சரக்கை ஒவ்வொரு முறையும் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாட்களில் மாற்றமில்லை என்றால் படிப்படியாக 5, 6 கிராம் வரை ஏற்றலாம். முதல் நாளே பத்துக்குப் போகிறவர்கள் நிலையத்தை மறுபடியும் புதிதாகத் தொடங்க நேரிடும்.

செலுத்த வேண்டிய இடம் திரும்பு கசடு, அதாவது படிவுத் தொட்டியிலிருந்து காற்றூட்டத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் கசடு, ஓடும் குழாய். அதிலும் பம்ப்பின் உறிஞ்சு பக்கம் அல்லது நீர் கொந்தளிக்கும் வளைவு போன்ற, உடனடியாகக் கலந்துவிடும் இடம். தொட்டி முழுவதிலும் இருக்கும் கசடு நாளொன்றுக்கு மூன்று முறையாவது அந்த இடத்தைக் கடந்து போக வேண்டும். மேற்சொன்ன நிலையத்தில் திரும்பு கசடு நாளுக்கு 1,500 கன மீட்டர், அதன் செறிவு லிட்டருக்கு 8 கிராம் என்றால் 12,000 கிலோ கடக்கிறது. 3,500ஆல் வகுத்தால் மூன்றரை முறை. இது போதும். நீண்ட காற்றூட்டம் செய்யும் பெரிய தொட்டிகளில் இந்த எண் ஒன்றுக்கும் கீழே போய்விடுவதுண்டு. அப்போது கூடுதலாக வேறோர் இடத்திலும் செலுத்த வேண்டியிருக்கும்.

நாள்தோறும் நுண்ணோக்கியில் பாருங்கள். இழைகளுக்குள் செல்கள் சுருங்கி, இடையிடையே வெற்றிடம் விழுந்து, வெறும் உறை மட்டும் மிஞ்சத் தொடங்கியதும் மருந்து பலித்துவிட்டது. உறை கொண்ட இழைகளில் செல் செத்த பிறகும் உறை கரையாது. அது உபரிக் கசட்டோடு வெளியேறும் வரை ஜாடியில் முன்னேற்றம் தெரியாது. இந்த இடைவெளியில் பொறுமையிழந்து அளவை இரட்டிப்பாக்குவதே பல நிலையங்கள் கெடுவதற்குக் காரணம். வெளியேற்று நீர் பால்போலக் கலங்கினால், திரள்கள் நொறுங்கினால், அம்மோனியா ஏறினால் உடனே குறையுங்கள். அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்கள் குளோரினுக்கு எளிதில் பலியாகும்.

கேள்வி: காற்றூட்டத் தொட்டி முழுவதும் அடர்த்தியான காப்பிப் பழுப்பு நிற நுரை. நடைபாதை மேலேயே வழிகிறது. நாள்தோறும் நுரைக்கொல்லி தெளிக்கிறோம். ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. குளோரினைத் திரும்பு கசட்டில் போட்டும் பார்த்தாயிற்று.

பதில்: நுரைக்கொல்லியை நிறுத்திவிடலாம், பணம் மிச்சமாகும். சோப்பு நுரையில் காற்றும் சோப்பு கலந்த நீரும் மட்டுமே உண்டு, அது தானே உடைந்துவிடும். உங்கள் நுரையில் மூன்றாவதாக, நீரை வெறுக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்திருக்கின்றன. கோர்டோனியாவின் செல் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத் தன்மையுள்ள பொருள் இருப்பதால் அது நீரில் மூழ்கியிருக்க விரும்பாமல் காற்றுக் குமிழியில் போய் ஒட்டிக்கொள்கிறது. குமிழியின் சுவரிலிருந்து நீர் வடியவிடாமல் தடுத்து அதை உடையாமல் காக்கிறது. எண்ணெயும் கொழுப்பும் அதற்கு உணவு. எண்ணெய் சார்ந்த நுரைக்கொல்லியைத் தெளிப்பவர்கள் அதற்கு விருந்து வைக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

திரும்பு கசட்டில் போட்ட குளோரின் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கோர்டோனியாவில் பெரும்பகுதி திரளுக்கு உள்ளேயே வாழ்கிறது, மீதி நுரையில் மிதக்கிறது. திரும்பு கசட்டுக் குழாயை நுரை எட்டிப் பார்ப்பதே இல்லை.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, நுரைக்கு வெளியேற வழி தருவது. உங்கள் தொட்டியின் தடுப்புச் சுவர்களைப் போய்ப் பாருங்கள். நீர் சுவருக்கு அடியில் உள்ள திறப்பு வழியாக அடுத்த அறைக்குப் போகிறதென்றால், மேலே உள்ள நுரை முதல் அறையிலேயே சிறைப்பட்டுக் கிடக்கும். பதிவேட்டில் கசடு வயது 12 நாள் என்று எழுதியிருப்பீர்கள். நுரையிலுள்ள கசட்டுக்கோ வயது மாதக் கணக்கில் இருக்கும், அது அங்கேயே தங்கிப் பெருகிக்கொண்டிருக்கும். சுவரின் மேல்பகுதியில் வழி வெட்டி, நுரை நீரோடு சேர்ந்து கடந்து போகவும், தொட்டியின் கடைசியில் மேற்பரப்பிலிருந்தே உபரிக் கசட்டை எடுக்கவும் ஏற்பாடு செய்தால், நீங்கள் வெளியேற்றும் ஒவ்வொரு கன மீட்டரிலும் கோர்டோனியா கூடுதலாகப் போகும். நுரைக்கு எதிராக எங்களுக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்த வழி இதுவே. மருந்துச் செலவும் இல்லை.

இரண்டாவது, வழித்தெடுத்த நுரையையும் படிவுத் தொட்டியின் மேல்மிதப்பையும் நிலையத்தின் தலைவாயிலுக்கே திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினால் விதையை நீங்களே திரும்ப விதைக்கிறீர்கள்.

மூன்றாவது, கசடு வயதைக் குறைப்பது. தொட்டியில் 3,000 கிலோ கசடு இருக்க, வெளியேற்று நீரோடு போவதையும் சேர்த்து நாளுக்கு 100 கிலோ மட்டுமே வெளியேறினால் வயது 30 நாள். அதைப் பத்தாக்க 300 கிலோ எடுக்க வேண்டும். லிட்டருக்கு 8 கிராம் செறிவுள்ள திரும்பு கசடாக எடுத்தால் 37.5 கன மீட்டர். ஒரே நாளில் இந்தத் தாவலைச் செய்யாமல், வெளியேற்றும் அளவை நாளுக்குப் பத்துப் பதினைந்து விழுக்காடாக ஏற்றிக்கொண்டு போங்கள். நீர் வெதுவெதுப்பாக இருக்கும் இடங்களில் பத்து நாளுக்கும் கீழே இறங்கினால்தான் கோர்டோனியா அடங்கும். ஆனால் அம்மோனியாவை நீக்க வேண்டிய நிலையமென்றால் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெளியேற்று நீரின் அம்மோனியாவைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள்.

உள்ளே வரும் எண்ணெய், கொழுப்பைப் பொறிகளில் பிடித்து நிறுத்துவதும் இதோடு சேர்ந்து நடக்க வேண்டும். குளோரின் போட்டே ஆக வேண்டுமென்றால் நுரையின் மேலேயே நுண்ணிய தூவலாக, நுரை தேங்கும் இடத்தில் தெளியுங்கள்.

ஒரு வார்த்தை பாதுகாப்பு பற்றி. நடைபாதையில் காய்ந்த நுரை, ஈரம் பட்டதும் எண்ணெய்போல வழுக்கும். காற்று மிகுந்த நீரில் மிதப்புத் திறன் குறைவு என்பதால் நீச்சல் தெரிந்தவரும் தாக்குப்பிடிப்பது கடினம். கைப்பிடிக் கம்பி இல்லாத இடத்தில் நின்று யாரும் நுரை வழிக்கக் கூடாது.

கேள்வி: புதிதாகத் தொடங்கிய நிலையத்தில் வெள்ளை நுரை பொங்குகிறது. இதுவும் இழை பாக்டீரியாவா?

பதில்: இல்லை. கசடு இன்னும் இளமையாகவும் குறைவாகவும் இருப்பதால், சோப்புப் பொருள்கள் சிதையாமல் எழுப்பும் நுரை இது. கசடு சேரச் சேரத் தானே அடங்கும். அதுவரை நீர் தெளித்தால் போதும். நெடுநாள் ஓடிய நிலையத்தில் திடீரென்று வெள்ளை நுரை வந்தால் மட்டும், கசடு அளவுக்கு மீறி வெளியேறிவிட்டதா அல்லது நச்சுப் பொருள் ஏதேனும் உள்ளே வந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் நிலையத்தில் குளிர்காலத்தில் மட்டும் நுரையும் வீக்கமும் சேர்ந்தே வருகின்றன, கோடையில் தாமாகப் போய்விடுகின்றன.

பதில்: ஏறத்தாழ உறுதியாக அது மைக்ரோத்ரிக்ஸ் பார்விசெல்லா. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டு வாழும் இது, குளிர்ந்த நீரையும் நீண்ட கசடு வயதையும் விரும்பும். குளிரில் நைட்ரஜன் நீக்கத்தைக் காப்பாற்ற இயக்குநர்கள் கசடு வயதைக் கூட்டுவதும் அதற்கே சாதகமாக முடிகிறது. குளோரினுக்கு இது அவ்வளவாக மசியாது. பாலி அலுமினியம் குளோரைடு இதற்கென்றே பல நாடுகளில் பயன்பட்டு நல்ல பலன் தந்திருக்கிறது. குளிர் தொடங்கி நுண்ணோக்கியில் இழை மதிப்பெண் ஏறும்போதே, நுரை மூடுவதற்கு முன், தொடங்கினால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

கேள்வி: “செலக்டர்” என்ற முன்தொட்டியைக் கட்டச் சொல்கிறார்கள். செலவுக்கு ஏற்ற பலன் உண்டா?

பதில்: வீக்கத்துக்குக் காரணமான இழை எது என்பதைப் பொறுத்தது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கசட்டுக்குக் காற்றூட்டிக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறையை அறிமுகப்படுத்தியபோது தொட்டியை நிரப்பி, காற்றூட்டி, படியவிட்டு, வடித்தார்கள். அத்தொட்டியில் முதலில் உணவு பெருகியும் பிறகு அருகியும் இருந்தது. பிற்காலத்தில் வந்த முழுக்கலவைத் தொட்டிகளிலோ உணவு எந்நேரமும் கொஞ்சமாகவே இருக்கும். அப்படிப்பட்ட அரைப்பட்டினியில் சிறிதளவு உணவையும் உறிஞ்சிக்கொள்ளும் இழைகளுக்கே வெற்றி. 1973இல் சூடோபாவும் அவருடைய சக ஆய்வாளர்களும், திரும்பு கசட்டையும் புதுக் கழிவுநீரையும் முதலில் ஒரு சிறு தொட்டியில் சந்திக்க வைத்தால், நிறைந்த உணவை வேகமாக அள்ளி வைத்துக்கொள்ளும் திரள் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன என்று காட்டினார்கள். அதுவே செலக்டர். அதைக் காற்றோடும், நைட்ரேட்டை மட்டும் வைத்தும், இரண்டும் இல்லாமலும் இயக்கலாம். எளிதில் கரையும் உணவை நம்பி வாழும் ஸ்ஃபீரோட்டிலஸ், தியோத்ரிக்ஸ், வகை 021என் போன்றவற்றுக்கு எதிராக இது நன்றாக வேலை செய்யும். மைக்ரோத்ரிக்ஸுக்கும், மெல்லக் கரையும் உணவில் வாழும் வகை 0041 போன்றவற்றுக்கும் எதிராக இதை நம்பிப் பணம் போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள தொட்டியின் முதல் பகுதியைத் தடுப்புச் சுவரால் பிரித்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு கட்டுமானத்தில் இறங்குவது நல்லது.

கேள்வி: நுரையைத் தின்னும் பாக்டீரியாப் பொடி என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உங்கள் தொட்டியில் இல்லாத பாக்டீரியா என்று எதுவும் பெரிதாக இல்லை, இழைக்குச் சாதகமான சூழல்தான் இருக்கிறது. அந்தச் சூழல் மாறாதவரை பொடியில் வந்தவை வெளியேற்று நீரோடு போய்விடும்.

கேள்வி: வழித்தெடுத்த நுரையைக் காற்றில்லாச் செரிப்புக் கலனில் போட்டுவிடலாமா?

பதில்: தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கோர்டோனியாவும் மைக்ரோத்ரிக்ஸும் செத்த பிறகும் அவற்றின் மெழுகுத் தன்மை உடனே போய்விடாது. செரிப்புக் கலனில் எழும் வாயுக் குமிழிகளில் அவை மறுபடியும் ஒட்டிக்கொண்டு அங்கேயும் நுரை எழுப்பும், வாயுக் குழாய்களில் ஏறி அடைக்கும். நீர் நீக்கும் இயந்திரத்துக்கு நேராக அனுப்ப வழியிருந்தால் அதுவே முதல் தேர்வு. வழியில்லையென்றால், ஒரே நாளில் கொட்டாமல் மற்றக் கசட்டோடு கலந்து சிறுகச் சிறுகச் செலுத்தி, கலனின் மேற்பரப்பு மட்டத்தையும் வாயு அழுத்தத்தையும் முறைக்கு ஒருவர் கவனித்துக் குறித்து வாருங்கள்.